இடது பின்விளக்கு

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
உதிரிப்பாகம் கிடைக்க எடுக்கும் காலம்.
வழக்கமாக இரண்டு வாரம் என்று எழுதுவேன்,
பஞ்சிகாவத்தையில் இல்லாத சாமான்
உலகத்தில் இல்லை என்ற துணிவில்.

கொக்குவில் ரயில் கடவை தாண்டி
இடக்கைப் பக்க ஒழுங்கை.
தகரப் படலைக்குப் பின்னால் நிற்கிறது அது,
வயிறு மண்ணில் முட்டாத குறையாக.
இரண்டு பேர் இருக்கலாம்.
கதவு வானம் பார்த்துத் திறக்கும்;
அதற்காக மாவில் ஒரு கொப்பு தறித்திருக்கிறார்கள்.
வெட்டுவாயில் இன்னும் பால் காயவில்லை.

குகநேசன் சூரிச்சில் இருபத்தாறு வருடம்
உணவகச் சமையலறையில் நின்ற கால்களோடு
என் முன்னால் நிற்கிறார்.
"நிப்பாட்டிப் போட்டாங்கள் பிள்ளை.
இனிச் செய்யமாட்டாங்களாம்.
விக்கேல்லையாம்."
மகன் சோதனையில் தவறியதை
வாத்தியாரின் பிழையாகச் சொல்கிற குரல்.

எத்தனை செய்தார்கள் என்று கேட்டேன்.
படிவத்தில் அப்படியொரு கேள்வி இல்லை.
எழுநூற்றுச் சொச்சமாம்.
ஐயாயிரம் போகும் என்று கணக்குப் போட்டார்களாம்.
எங்கோ குளிரூட்டிய அறையில்
யாரோ ஒருவருடைய பேனை
ஒரு நிரலின் அடியில் கொஞ்ச நேரம் நின்றிருக்கும்.
பிறகு தேநீர் வந்திருக்கும்.

முட்கம்பி முந்நூற்றிப்பத்து வரை போகுமாம்.
இங்கே கடவை, மாடு, கோயில் தேர்,
இரண்டு மணிக்கு விடுகிற பள்ளிக்கூடம்.
மூன்றாம் கியருக்கு மேல் போனது ஒரு தரம்,
பண்ணைப் பாலத்தில், விடிய நாலரைக்கு.
"காத்து மட்டும் எதிர்த்தது" என்கிறார்.
ஓடிய தூரம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
கலியாண வீட்டுக்காரர் சிலர் வாடகைக்குக் கேட்டு வந்து
தோழன் எங்கே இருப்பான் என்று பார்த்துவிட்டுத்
திரும்பிப் போனார்களாம்.

விபத்தின் விபரம்:
குருநகர் பெனடிற், மீன்பெட்டி கட்டிய சைக்கிள்,
தேய்ந்த பிறேக் கட்டை.
இவர் சந்தியில் பக்குவமாக நிறுத்தினாராம்,
அவர் நிறுத்த முடியாமல் வந்தாராம்.
அடுத்த நாள் இரண்டாயிரம் ரூபாயும்
ஒரு அறக்குளாவுமாக வந்து படலையைத் தட்டியிருக்கிறார்.
காசை வாங்கவில்லை.
"மீன் நல்ல மீன்" என்கிறாள் சுகிர்தமலர்
உள்ளேயிருந்து.

பெனடிற்றின் சைக்கிளுக்கு என்னைவிட வயது.
அதன் பிறேக் கட்டை
அதே சந்திக் கடையில், அதே பின்னேரம்,
மிச்சக் காசுக்கு இனிப்பும் தந்தார்களாம்.
இதை எழுத எனக்குப் பெட்டியில்லை.

"இனி விலை ஏறுமோ?" கேட்கிறார்.
ஏறலாம், உலகத்தில் குறைவென்றபடியால்.
இறங்கலாம், ஒரு கண்ணாடி உடைந்தால்
அதோடு சரி என்றபடியால்.
இரண்டையும் சொன்னேன்.
முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டார்.

இயந்திரத்தைப் போட்டார்.
பக்கத்து ரியூசன் கொட்டிலில்
வாய்பாடு பதின்மூன்றில் அறுந்தது.
கோழிகள் மதில் ஏறின.
அந்தச் சத்தத்தை உண்டாக்க
எத்தனை பேர் எத்தனை இரவு விழித்தார்களோ,
கேட்க ஆள் கிடையாமல் அது
கொக்குவில் ஒழுங்கையில் வந்து உறுமுகிறது.

"பின்னால போய் நிண்டு பாருங்கோ பிள்ளை."

போய் நின்றேன்.
வலப்பக்கம் தொழிற்சாலைக் கண்ணாடி.
இடப்பக்கம் விளக்கின் குழி மேலே
சிவப்புக் கண்ணாடித்தாள், நாலு மடிப்பு,
பெனடிற் வீட்டு நத்தார் நட்சத்திரத்தில் மிஞ்சியதாம்,
மீனோடு சேர்த்துக் கொண்டுவந்து
அவரே ஒட்டிவிட்டுப் போனதாம்.
ஓரத்தில் ஒரு வெள்ளிப் புள்ளி
உரிபடாமல் ஒட்டிக்கிடக்கிறது.

ஒன்பதாம் கேள்விக்குக்
"கிடைக்காது" என்று எழுதினேன்.
பேனை ஒருதரம் மை விடாமல் நின்று
பிறகு எழுதியது.

அவர் பிறேக்கை மிதித்தார்.
மதிலில் இரண்டு சிவப்பு,
ஒன்று கொஞ்சம் செம்மஞ்சள்.

"எரியுதோ?"

"ஓம் அண்ணை. எரியுது."

"ரெண்டுமோ?"