அடையாளம் தெரியாதவை

ஊட்டியில் ஒரு கூட்டுறவு வங்கியில்
பதினாறு வருடமாக நோட்டு எண்ணுகிறேன்.
கட்டைவிரலில் ரேகை பாதிதான் மிச்சம்.
அதனால்தானோ என்னவோ
முக்கூர்த்தியில் வரையாடு எண்ண ஆள் வேண்டும் என்றதும்
கை தானாக உயர்ந்துவிட்டது.

செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு
பெயர், வயது, ரத்த வகை எழுதச் சொன்னார்கள்.
ரத்த வகை எதற்கென்று கேட்கவில்லை.

விடியுமுன் சீகைக்காடு தாண்டி நடந்தோம்.
முன்னால் வேட்டைத் தடுப்புக் காவலர் பெள்ளன்,
மஃப்ளர், பிளாஸ்க், செய்தித்தாளில் மடித்த மிக்சர்.
"அட்டை ஏறினா பிடுங்காதீங்க மேடம்,
குடிச்சு முடிச்சா அதுவே இறங்கிரும்."
இறங்கியது. சாக்ஸில் சிவப்பாக ஒரு வரவுசெலவு.

புல்மேட்டின் விளிம்பில் குப்புறப் படுத்தோம்.
கீழே பாறை, பாறைக்குக் கீழே மேகம்,
மேகத்துக்குக் கீழே, பெள்ளன் சொன்னார், கேரளா.

கல் என்று நினைத்தது காதை அசைத்தது.
ஒன்று.
பிறகு பாறை முழுக்கக் காதுகள்.
முதுகில் வெள்ளி பூசிய கிடா ஒன்று
நிற்க இடமில்லாத இடத்தில் நின்று
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
தாயின் வயிற்றை முட்டிய குட்டி
பின்னங்காலால் ஒரு கல்லை உருட்டிவிட்டது.
காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.
விழுந்த சத்தம் கடைசிவரை வரவில்லை.

பதினேழு என்று எழுதினேன்.
மறுபடி எண்ணினேன், பழக்கதோஷம்.
பதினைந்து.
மூன்றாம் முறை பன்னிரண்டில் இருக்கும்போது
மூடுபனி ஷட்டரை இழுத்து மூடிவிட்டது.

கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால்
அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.
மேனேஜரே மேசைக்கடியில் தவழ்வார்.
இங்கே இரண்டு உயிர் குறைகிறது,
பெள்ளன் மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்கிறார்.
"அந்தப் பக்கம் போயிருக்கும்.
அவங்களும் இன்னிக்குத்தானே எண்ணுறாங்க."

அங்கேயும் ஒருத்தி
ஊறிப்போன படிவமும் ஒழுகும் மூக்குமாக
இரண்டு அதிகம் வந்துவிட்டதே என்று
விழித்துக்கொண்டிருக்கிறாளா?

கிடா, பெட்டை, குட்டி என்று கட்டங்கள்.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'அடையாளம் தெரியாதவை'.
அதில் 2 என்று எழுதி, அடியில்
செக்கில் போடும் கையெழுத்தைப் போட்டேன்.

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு விசில், மிகப் பக்கத்தில்.
தலையைத் தாழ்த்து என்று பெள்ளன் கைகாட்டினார்.
தாழ்த்தினேன்.
வாயில் ஒரு நிலக்கடலை,
கடிக்கவும் முடியாமல்.