பதினாலாம் எண்

இருபத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள் நான்.
ஓய்வு பெற்ற மறுவாரமே
படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி ஒன்று வாங்கினோம்.
இன்னும் ஸ்டியரிங்கை விடமாட்டாயா என்றாள் தங்கை.
விடவில்லை.

என்சியோவுக்கு ஓட்டத் தெரியாது.
வரைபடம் பார்ப்பது,
கழிவுப் பெட்டியைச் சுமந்துபோய்க் கொட்டுவது,
ரிவர்ஸ் எடுக்கையில் பின்னால் நின்று கையசைப்பது
அவன் பங்கு.
வரலாம், வரலாம், வரலாம், போதும்.
எங்கள் கல்யாணத்தில்
சண்டையில்லாமல் முடிந்த உரையாடல்கள்
பெரும்பாலும் இவ்வளவுதான்.

அவனுக்கு ஏரி வேண்டும்.
அசையாமல் கிடக்கும் தண்ணீரின் பக்கத்தில்தான் தூக்கம் வரும்.
எனக்கு ஆறு.
நான் படுத்திருக்கும்போது
வேறு யாரோ வேலை பார்க்கிறார்கள் என்ற நிம்மதி.
ஆக, ஒரு ராத்திரி ஏரி, ஒரு ராத்திரி ஆறு.
ராத்திரி என்பதும் பேச்சுக்குத்தான்.
ஜூன் மாதத்தில் இங்கே சூரியன்
கதவைச் சாத்தாமல் வெளியே போய்விட்டு
உடனே திரும்பிவிடுகிறது.

நேற்று புருவெசி ஏரிக்கரையில் தொட்டியை நிரப்பினோம்.
நூறு லிட்டர்.
இடுப்பளவு ஆழத்தில் நின்றும்
கால்விரல்களை எண்ண முடிகிற ஏரி.
மரம் ஏற்றிய லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித் தெற்கே வருகையில்
ஒவ்வொரு வளைவிலும் அது தளும்புவதைக் கேட்டேன்,
டிக்கெட் எடுக்காமல் கடைசி சீட்டில் உட்கார்ந்து
தனக்குள் பேசிக்கொண்டு வரும் பயணியைப்போல.

கூமியோகி ஆற்றங்கரை முகாமில்
வரவேற்பு மேசைக்குப் பின்னால் யொன்னா,
பள்ளி முடித்து மூன்று வாரம், கன்னத்தில் கொசுக்கடி.
பதினாலாம் எண் என்றாள். தண்ணீரை ஒட்டி.

வரலாம்.
வரலாம்.
கண்ணாடியில் அவன் இல்லை.

கால் தானாகப் பிரேக்கில் இறங்கியது.
குதித்து ஓடினேன். ஒரு செருப்பு படியிலேயே நின்றுவிட்டது.
சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி மண்டியிட்டிருந்தான்,
விரல் உதட்டின் மேல்.
சரளைக்கு நடுவே நான்கு முட்டைகள்,
சுற்றியிருந்த கற்களை விடவும் கற்களாக.
சற்றுத் தள்ளி ஓர் உள்ளான்
சிறகொடிந்ததுபோல் இழுத்து இழுத்து நடந்து
எங்களைத் தன் பின்னால் வரச்சொல்லி நடித்துக்கொண்டிருந்தது.

திட்டினேன்.
கையை இறக்கிவிட்டால் நிறுத்து என்று அர்த்தமா?
எத்தனை தடவை சொல்வது?
வழக்கமாகத் திட்டுவதைவிட நீளமாகத் திட்டினேன்.
முட்டாள், முட்டாள்.
பறவை எங்கள் இருவரையும் பார்த்துக் குழம்பியது.

யொன்னா வந்து கயிறு கட்டினாள்.
ஓர் அட்டையில் பறவை என்று எழுதித் தொங்கவிட்டாள்.
இனி இருப்பது
குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துச் சரிவு மட்டும் என்றாள்.
வாடகையைக் குறைக்க அவளுக்கு அதிகாரமில்லையாம்.

சக்கரத்தடியில் கட்டை வைத்தும்
ரசமட்டத்தின் குமிழி ஓரத்தை விட்டு வரவில்லை.
படுத்தோம். ஒரு வெங்காயம் உருண்டது.
அவன் மூக்குக்கண்ணாடி உருண்டது.
என்சியோ உருண்டான்.
தள்ளினேன். மறுபடி உருண்டான்.
மூன்றாம் முறை தள்ளவில்லை.
ஏரி இல்லாமலே தூங்கிப்போனான்.
ஆறு போய்க்கொண்டிருந்தது.
இரண்டு மணி வெளிச்சத்தில் திரையை விலக்கிப் பார்த்தேன்.
கயிற்றுக்கு அந்தப் பக்கம் உள்ளான்
முட்டைகள் மேல் மார்பை
இப்படியும் அப்படியும் நகர்த்தி
ஒருவழியாக அடங்கியது.

காலையில் புருவெசித் தண்ணீரில் காபி.
மேசை சாய்ந்திருந்தது, கோப்பை சாய்ந்திருந்தது,
நாங்களும் சாய்ந்திருந்தோம்.
காபி மட்டும் நேராக நின்றது,
ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டு,
மறுபக்கம் விரலளவு இறங்கி.

பாதிதான் ஊற்றினாயா என்றான்
மேட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தவன்.
என் பக்கம் வந்து பார் என்றேன்.