பொன்னுக்கு வீங்கி

பல்கலைக்கழக மருத்துவ மையத்தில்
டோக்கன் நாற்பத்தொன்று.
காதுக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்தி
"கல்சுவா" என்றார் டாக்டர்.
ஏதோ பலகாரத்தின் பெயர் போலிருந்தது.
ரின்புயி போனில் தேடிப் படம் காட்டினாள்:
பலூன் கன்னத்தோடு ஒரு குழந்தை.
அட, பொன்னுக்கு வீங்கி.

அவளுக்கு இதை எப்படிச் சொல்ல?
"பொன்னுக்காக வீங்குவது.
தங்கச் சங்கிலி போட்டால் இறங்கிவிடும் என்பார்கள்."
"போடாவிட்டால்?"
"அப்போதும் இறங்கிவிடும்."
சிரித்தாள். நானும் சிரிக்கப் போய்
தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

நர்ஸ் ஒரு தாளை நீட்டினார்.
மூன்று வாரத்தில்
யாருடைய தம்ளரில் குடித்தாய்,
யார் தட்டில் கை வைத்தாய்,
பெயர் எழுது.

டெல்லிக்கு வந்து இருபத்தாறு நாள்.
இங்கே எனக்கு ஒருத்தரும் இல்லை என்று
முந்தாநாள் ராத்திரிதான்
அம்மாவிடம் அழுதிருந்தேன்.

ரின்புயி: எல்லாம்.
விஸ்வவித்யாலயா மெட்ரோவில்
தண்ணீர் பாட்டிலை நீட்டியவள்:
பெயர் தெரியாது, நீலப் பை.
ஓய்ந்த்ரிலா: கமலா நகரில் ஒரு சமோசா, எனக்கு இரண்டு கடி.
பல்வீனின் லிப் பாம்,
இதையெல்லாம் எழுதலாமா?
மழையில் மாட்டிக்கொண்ட அன்று
ஒரு டீயை நாலு பேர் குடித்தோம்,
நாலாவது ஆள் அறை எண் நூற்றுப் பன்னிரண்டு,
பெரிய மூக்குத்தி...

தாளின் பின்பக்கத்துக்கும் போனேன்.
"இத்தனை பேரா?" என்றார் நர்ஸ்.
எனக்கும் அதுதான் ஆச்சரியம்.

தரைத்தளத்தில் தனி அறை, இரண்டு கட்டில்.
வீடியோவில் என் முகத்தைப் பார்த்ததும்
"ஐயோ, கழுத்துல அந்தச் சங்கிலிய..."
பாதியில் நிறுத்தினாள் அம்மா.
சங்கிலி அருப்புக்கோட்டையில் அடகில் இருக்கிறது.
அதன் ரசீது அவளிடம்,
கல்லூரி ரசீது என்னிடம்.
அங்கே ஓடும் மின்விசிறியைக்
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.
"உப்புத் தண்ணியில கொப்புளி.
புளி மட்டும் சேத்துக்காத."
புளி என்ற சொல்லுக்கே
காதடியில் சுருக்கென்றது.

அவள் கிண்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல்
மேலே அறையில், மூடி திறக்காமல்.
நூற்றிரண்டு டிகிரியில் படுத்துக்கொண்டு
அதன் பெயரிலும் ஒரு காய்ச்சல் இருப்பதை
அன்றைக்குத்தான் கவனித்தேன்.
மறுநாள் ரின்புயியின் செய்தி:
உங்கள் ஊர் ஜாம் பயங்கரக் காரம்,
பிரெட்டில் பாதி தீர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம்
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
ஒரு நீலப் பை உள்ளே வந்தது.
இடது கன்னம் மட்டும் பெரிதாக.
யாரிடமிருந்து யாருக்கு என்று
இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.
பெயர் என்ன என்றேன்.
சொன்னாள்.
என் வாயும் சரியாகத் திறக்கவில்லை, அவள் வாயும்.
முதல் எழுத்து 'ம' என்று நினைக்கிறேன்.