காத்தாடி ஓடாத மாசம்

பணகுடியில பஸ் ஏறுறப்பவே
ஃபைல் என் மடிக்கு வந்திட்டு.
டிஸ்சார்ஜ் புக்கு, பென்ஷன் ஆர்டர்,
ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆதார், நாலு போட்டோ.
போட்டோவுல காது ரெண்டும் தெரியணுமாம்.
தெரியுது.
நல்ல எடுப்பான காது.

பாளையங்கோட்டை ஆபீஸில
கிளார்க்கு குனிஞ்சமேனிக்கே கேட்டார்,
"எப்போலேர்ந்து கேக்கலை?"
அவிய எந்திரிச்சு நின்னு சொன்னாவ,
"ஹவில்தார் சுடலைக்கண்ணு, கன்னர்."
கேள்வி விளங்கலைன்னா
பேரைச் சொல்லுறது அவிய பழக்கம்.
பதில் நான் சொன்னேன்.
என் பேரு பேச்சித்தாய்.
கல்யாணமாகி இருபத்திரெண்டு வருசத்துல
பேருக்கு ஏத்த வேலை இப்பத்தான்.

எப்போலேர்ந்து?
மகாஜன் மணல்ல பீரங்கிக்குப் பக்கத்துல
பஞ்சைத் திணிச்சுக்கிட்டு நின்ன காலத்துலேர்ந்தா?
லீவுல வந்தப்போ
மூத்தவ தொட்டில்ல கிடந்து அலற,
பக்கத்துலயே பேப்பர் படிச்சிட்டு இருந்தாவளே
அந்த மத்தியானத்துலேர்ந்தா?
படிவத்துல ஒரு தேதிக்குத்தான் இடம்.
எட்டுக் கட்டம்.

கூட நின்னவன் சாட்சி எழுதித் தந்தா நல்லதுன்னாவ.
கூட நின்னவர் பல்கார் சிங்.
பட்டிண்டா பக்கம் ஏதோ ஊரு.
போன் போட்டோம்.
அவருக்கும் கேக்கலை.
ரெண்டு பேரும் மாறி மாறி
கால் மணி நேரம்
ஹலோ ஹலோன்னு சுட்டுக்கிட்டாவ.
பிறகு அந்தப் பக்கம் அவர் பொண்டாட்டி வாங்கினா,
இந்தப் பக்கம் நான்.
அவளுக்குத் தமிழ் தெரியாது,
எனக்கு அவ பாசை தெரியாது.
ரெண்டு பேருக்கும் நல்லாக் கேட்டுது.

இனி சங்கதிக்கு வாரேன்.
அவியளுக்குக் காதுக்குள்ள ஒரு இரைச்சல் உண்டு.
எங்க வீட்டுக்குப் பின்னால
வரிசையா காத்தாடி.
ஆனி ஆடியில கணவாய்க் காத்துக்கு
ராப்பூரா உறுமும்.
அந்தச் சத்தந்தான்னு அவிய நெனைப்பு.
மார்கழியில இறக்கை மூணும் அசையாம நிக்கும்.
கொடியில வேட்டி செத்த கோழி மாதிரி தொங்கும்.
"ஏட்டி, இன்னைக்குக் காத்து கூடுதல் போல"ம்பாவ.
நானும் தலையாட்டிருவேன்.
சண்டை எதுக்கு.

மெடிக்கல் போர்டு திருவனந்தபுரத்துல.
கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்கார வச்சு,
காதுல மாட்டிவிட்டு,
கையில பொத்தானைக் குடுத்து,
சத்தம் கேட்டா அமுக்கணும்னு
அட்டையில எழுதிக் காட்டினாவ.
பட்டாளத்து ஆளு, உத்தரவுன்னா உத்தரவு.
அமுக்கினாவ.
அமுக்கினாவ.
வெளிய நின்னு நான் பாக்கேன்,
டாக்டரம்மா இன்னும் மெசினைத் தொடவே இல்லை,
பேனாவைத் தேடிக்கிட்டு இருக்கா,
இவிய அமுக்குதாவ.

பதினெட்டு சதவீதம்னு வந்துது.
இருபது இருந்தாத்தான் காசு.
காது கெட்டதுல உண்டான சத்தத்தை
காது கேட்ட கணக்குல சேத்திட்டாவ.

"என்னட்டி சொன்னான்?"
பஸ்ஸே திரும்பிப் பாக்க கேட்டாவ.
உள்ளங்கையில விரலால எழுதினேன்,
ஒண்ணு, எட்டு.
கொஞ்ச நேரம் கையையே பாத்துட்டு,
"பாஸ் மார்க்கு எவ்வளவு?"ன்னாவ.
முன் சீட்டுப் பொம்பள சிரிச்சா.
எனக்கும் சிரிப்பு வந்திட்டு, என்ன செய்ய.

அப்பீலுக்கு ஆறு மாசம் இருக்குன்னு கிளார்க்கு சொல்லுதார்.
எனக்கு அவ்வளவு கிடையாது.
இப்போ தை.
வைகாசி கடைசியில கணவாய் திறந்திரும்.
அதுக்குள்ள யாராவது ஒரு டாக்டர்
எங்க பின்வாசல்ல வந்து நிக்கணும்.
நிக்கிற இறக்கையைப் பாக்கணும்.
காத்து எப்படிருக்குன்னு
அவியகிட்ட ஒரு வார்த்தை எழுதிக் கேக்கணும்.

காத்து எடுத்த பிறவு
அவிய சத்தமும் காத்தாடிச் சத்தமும்
ஒண்ணாக் கலந்திரும்.
பிரிச்சுக் காட்ட
எனக்கே தெரியாது.