பதினொன்றில் பதினொன்றாவது

எண்ணூரின் புகைக்கூண்டு விளக்குகள்தான் முதலில் வந்தன,
வரவே கூடாத இடத்தில்.
நான் தூங்கிய இருபது இருபது நிமிடங்களை
வடக்கே இழுக்கும் நீரோட்டம்
சேர்த்து வைத்திருக்கிறது.
சிவப்பு, சிவப்பு, சிவப்பு.
தெற்கே, அடிவானத்தின் ஓரத்தில்,
மெரினா கலங்கரை விளக்கம்
இரண்டு தடவை சிமிட்டிவிட்டு இருண்டது.
ஆறு நாளாக யாரிடமும் பேசாத வாய்
"தெரியுது, தெரியுது" என்றது.

போர்ட் பிளேயரை விட்டபோது பதினொரு படகுகள்.
இரண்டாம் நாள் மாலைக்குள்
மற்ற பத்துப் பாய்களும் கடலின் விளிம்பில் இறங்கிவிட்டன.
அதன் பிறகு பந்தயம் என்றால்
யாருடன் என்று கேட்க ஆள் இல்லை.
நான்காம் நாள் தானியங்கிச் சுக்கான் செத்தது.
சுக்கான் தடியை முழங்காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு
ஆறிப்போன சேமியா உப்புமா தின்றேன்.
ஐந்தாம் இரவு, பாய்மரத்தடியில்
காக்கிச் சட்டையோடு ஒரு கண்டக்டர்:
"உள்ளே போங்க, படியில நிக்காதீங்க."
போனேன்.
அப்போதுதான் பார்த்தேன்,
இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டவே இல்லை.

கடைசி ஒன்பது மைலில் வாடை கைவிட்டது.
பாய் மடங்கி மடங்கித் தன்னையே அறைந்துகொண்டது.
நள்ளிரவுக்கு முன்பே கரைக்காற்று,
ஊரிலிருந்து நேராக முகத்துக்கு.
முதலில் நிலக்கரி.
பிறகு காசிமேட்டின் செதில், டீசல்,
எவனோ எரிக்கும் டயர்,
ஒரே ஒரு நொடி, சத்தியமாக, பன் வேகும் வாசனை.
ஊர் என்பது எதிர்க்காற்று.
இடமும் வலமுமாகக் குறுக்கே வெட்டி வெட்டி
அதற்குள்தான் ஏற வேண்டியிருந்தது.

நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள்,
அடுக்குமாடிக் குடியிருப்புபோல் விளக்கெரிய.
பாரிமுனையில் இரண்டாம் மாடி, ஜன்னலோர மேசை:
பதினாறு வருஷமாக இவற்றின் பெயர்களைத்தான் தட்டச்சு செய்கிறேன்.
எடை, மூட்டை எண்ணிக்கை, இறங்கும் துறை.
ஒன்றின் பின்புறம் ஒட்டினாற்போல் போனபோது
துருவில் பாதி அழிந்த பெயரை டார்ச் அடித்துப் படித்தேன்.
தெரிந்த பெயர்.
போன ஐப்பசியில் இதில் ஓர் எழுத்தை மாற்றி அடித்து
நாலாயிரம் மூட்டை பருப்பு
எட்டு நாள் தேங்கிக் கிடந்தது.
இவ்வளவு உயரமா நீ.
கும்பிடத் தோன்றியது. சுக்கானை விட முடியவில்லை.

முடிவுக்கோடு,
அலைதடுப்பின் விளக்கிலிருந்து
ஒரு நடுவர் படகு வரைக்கும்
யாரோ மனதுக்குள் போட்டது.
இந்தப் பக்கத் தண்ணீரும் அந்தப் பக்கத் தண்ணீரும்
ஒரே குப்பையைத்தான் சுமந்தன.
கடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.
பத்து எண்ணினேன். இருபது.
பிறகு எனக்குப் பின்னால், தூக்கம் கலையாத ஒரு ஹாரன்.
ரேடியோவில் துரைக்கண்ணு சார்:
"மைனா... மைனாதானே?
மணி நாலு பத்து. கண்ணசந்துட்டேம்மா,
எட்டுன்னு எழுதிக்கவா?"
"பத்தே போடுங்க சார்."

பாயை இறக்க வேண்டும். இறக்கவில்லை.
தொழிலுக்குப் புறப்பட்ட ஃபைபர் படகு ஒன்று
பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது.
"எங்கேர்ந்தும்மா?"
"போர்ட் பிளேயர்."
"தனியாவா? மீனு?"
"இல்லண்ணே."
"பின்ன என்னாத்துக்கு?"
பதிலுக்குக் காத்திராமல் இன்ஜினை முறுக்கினார்.
அவர் விட்டுப்போன அலையில்
மைனா மூன்று முறை தலையாட்டிற்று.

இன்றோடு மூன்று நாள்.
பெரம்பூரில் கட்டில் ஆடுகிறது.
இருபது நிமிடத்துக்கொரு முறை எழுந்து
பால்கனிக்குப் போய் நாலு திசையும் பார்க்கிறேன்.
தண்ணீர் லாரி ஒன்று, தெற்கிலிருந்து, மெதுவாக.
மோதாது.
போய்ப் படுக்கலாம்.