இருபத்துநாலு லிட்டர்

ஆறு வாரமாகக் காற்று வாங்கப் போகிறேன்.
செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில்
நான் வருவது தெரிந்தாலே
ஸ்டூலை எடுத்து உள்ளே வைக்கிறார்கள்.

வலது பின் டயர்தான் காரணம்.
கன்னங்குறிச்சி ரோட்டில் ஏறிய ஆணி
இறங்கவே இல்லை.
ராத்திரி முப்பது வைத்தால் விடியலில் இருபத்திரண்டு.
பங்க்கில் எப்போது போனாலும் மிஷின் ரிப்பேர்.
இருபத்திரண்டை வைத்துக்கொண்டு
ஏற்காட்டுக்கு எத்தனை கொண்டை ஊசி ஏற முடியும்?

ஹபீபுல்லா பாய் மூன்றை வரிசையாக நிறுத்தினார்.
முதலாவது சிவப்பு, ஐம்பது லிட்டர்.
பெல்ட் ஓடும், ஆயில் குடிக்கும்,
ஆயுசுக்கும் உழைக்கும் என்றார்.
ஸ்விட்சைப் போட்டதும்
கடை டியூப் லைட் ஒருமுறை செத்துப் பிழைத்தது.
எங்கள் வீடு கம்பத்துக்குக் கடைசி.
மிக்ஸிக்கே ஃபேன் தயங்கும்.

இரண்டாவது கைக்கு அடக்கம்.
தொட்டி கிடையாது.
ஒரு டயர் முடிவதற்குள்
தோசைக்கல்லாய்க் காய்ந்துபோனது.

மூன்றாவது இருபத்துநாலு லிட்டர், ஆயில் வேண்டாம்.
"சத்தமே வராது சார்" என்றார் பாய்.
மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால்
அதைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

மாடியில் ஸ்டெல்லா மேரி.
பெரியாஸ்பத்திரியில் இரவு டூட்டி,
பகல்தான் அவருக்கு நடுநிசி.
கட்டம் போட்ட நோட்டில் எழுதினேன்:
குதிரைத்திறன், ஆம்பியர், டெசிபல்,
நிமிடத்துக்கு எவ்வளவு காற்று,
உத்தரவாதம் மோட்டாருக்கா தொட்டிக்கா.
ஏழு பக்கம்.

சுபாஷிணி நோட்டைப் புரட்டிவிட்டு
ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தாள்.
"அதுக்கு எத்தன பக்கம் எழுதுனீங்க?"

பூத்துவாலைக்கு அடியில் வெள்ளையாய் ஒன்று.
மருந்தைப் புகையாக்கி மூக்குக்கு அனுப்புவது.
அதுவும் கம்ப்ரஸர்தான்,
இத்தனை நாள் எனக்கு உறைக்கவே இல்லை.

ஐப்பசி மழை. தன்யஸ்ரீக்கு மூன்று வயது.
விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்
எண்ணிவிடலாம் போலிருந்தது.
அஸ்தம்பட்டி மருந்துக்கடையில் பாதி இறங்கிய ஷட்டருக்குள்
தலையை மட்டும் விட்டேன்.
"இருக்கா?"
"ஒன்னுதான் இருக்கு."
விலைகூடப் படியேறும்போதுதான் பார்த்தேன்.

விடியும்வரை அலறியது அது.
ஸ்டெல்லா மேரி, அன்று அவருக்கு லீவு,
பாதிப் படியில் நின்று கேட்டார்.
"ஓடட்டும்" என்றார். ஏறிப் போனார்.

மறுநாள் நோட்டை எடுக்காமல் போனேன்.
ஐந்து மீட்டர் ஹோஸ் இனாமாக வேண்டும் என்று மட்டும்
அரைமணி நேரம் சண்டை போட்டேன்.
ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்து
ஐந்து ரோடு சிக்னலில் நின்றபோது
பக்கத்து ஆட்டோக்காரர் கேட்டார், சிலிண்டரா?

முள் ஏற ஏறத் தன்யஸ்ரீ படிக்கிறாள்:
அறுபது, எண்பது, நூத்திப் பத்து.
டக்கென்று தானே நிற்கிறது.
அடித் திருகைத் திறந்தால்
இரண்டு கரண்டி தண்ணீர்.
"காத்துக்குள்ள ஏதுப்பா தண்ணி?"
வாரத்துக்கு ஒருநாள் குழாய் வரும் தெருவில்
எனக்கும் அதே கேள்விதான்.

இன்று காலை அளந்தேன்.
வலது பின் டயர் இருபத்திரண்டு.
பஞ்சருக்கு நூற்றைம்பது ரூபாய் ஆகும் என்கிறாள் சுபாஷிணி.
பார்க்கலாம்.
ஸ்டெல்லா மேரி டூட்டி முடிந்து வர எட்டாகும்.
ஏழரைக்கு ஸ்விட்சைப் போட்டேன்.