உப்புப் பக்கம், அடுப்புப் பக்கம்

சுவரை எடுத்துவிட முடியுமா என்று கேட்கத்தான்
என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
பிரெத்தாஞ் மலைச்சரிவு. மழை.
நோல்வென் குடையில்லாமல் வாசலில் நின்றாள்.

நான் வாசலின் மேற்கல்லைத்தான் முதலில் பார்ப்பேன்.
கொத்தனின் பழக்கம்.
தாங்கி கெர்பிரா கட்டுவித்தது, 1673.
அதில் ஓர் எழுத்து மட்டும்
கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்கிறது.
வெட்டியவனுக்கு வாசிக்கத் தெரியாது.
யாரோ கரியால் கிறுக்கிக் கொடுத்ததை
உளியோடு பின்தொடர்ந்து போயிருக்கிறான்.
கல்லில் பிழையை அழிக்க வழியில்லை,
ஆகவே முந்நூற்றைம்பது வருடமாக
அது சரியாகவே இருக்கிறது.

கருங்கல் என்கிறோம்.
இங்கே அது கருப்பில்லை,
நனைந்த ஓட்ஸ் தானியத்தின் நிறம்.
வெயில் வந்தால் அபிரகம் கண் சிமிட்டும்,
வெயில் வருவதுதான் அரிது.
சுவருக்கு இரண்டு முகம், ஒன்றே முக்கால் முழம்;
நடுவே களிமண்ணும் சில்லும்
ஒரு எலியின் எலும்பும்.
வீடு சரிவோடு சரிந்து படுத்திருக்கிறது:
மேலே மனிதர், கீழே மாடு, இருவருக்கும் ஒரே கதவு.
மூத்திரம் வழிய ஓர் ஓடை தரையில்.
இரவில் பசுக்கள் விட்ட மூச்சுதான்
இந்த வீட்டின் கம்பளி.

"சுவர்?" என்றாள் நோல்வென்.

வருகிறேன்.

1841. தகப்பன் செத்தான், உயில் எழுதாமல்.
கோனேரிக்கும் ரிவாலுக்கும் சரிபாதி என்றது சட்டம்.
நோட்டரி கயிறு பிடித்து அளந்தார்.
நடு எங்கே விழுந்தது தெரியுமா,
கணப்பின் நட்டநடுவில்.
கன்றுக்குட்டி நின்று திரும்பும் அகலமான கணப்பு.
இடப்பக்கம் உப்பு வைக்கும் மாடம்,
வலப்பக்கம் ரொட்டிச் சூளையின் வாய்.
ஒருவராவது ஒரு முழம் தள்ளிக்கொண்டிருக்கலாம்.

தள்ளவில்லை.
தொழுவத்தின் கல்லையே பிடுங்கி நடுச்சுவர் எழுப்பினார்கள்,
சூளைப் பக்கத்துக்குப் புதிதாய் ஒரு கதவு உடைத்தார்கள்.
கோனேரிக்கு உப்பு. ரிவாலுக்குச் சூளை.
கோனேரியின் மனைவி அஸெனோர்
பிசைந்த மாவைச் சுமந்து
அரை மணி நேரம் நடந்தாள், அந்நியர் சூளைக்கு.
ரிவாலின் வீட்டில்
உப்பு கசிந்து கட்டியாகி ஓடியது.
புகைபோக்கியைப் பிரிக்க மட்டும்
இருவரிடமும் காசில்லை.

நெஞ்சுயரத்தில் ஒரு கல்லைச் சுற்றிச் சாந்து இல்லை.
விரல் நுழைத்து இழுத்தேன்;
மேசை இழுப்பறைபோல வந்துவிட்டது.
உள்விளிம்பு வழுவழுவென்று தேய்ந்திருந்தது,
ஒரு நாள் இரண்டு நாளில் தேய்கிற கல் அல்ல இது.
ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
நோல்வென் முகத்தைச் சுளித்தாள்.
உப்பு.

பத்திரங்களில் இந்தத் துளை இல்லை.
அண்ணன் தம்பி வயலுக்குப் போன நேரங்களும்
பத்திரங்களில் இல்லை.

பிறகு ஏணி போட்டு மேலே ஏறினேன்.
அங்கேதான் சிக்கல்.
தாங்கி வைத்த ஓக் உத்தரம் நடுவில் முறிந்திருக்கிறது,
நூறு வருடமாவது இருக்கும்.
மேலே அத்தனை பலகைக்கல் ஓடும்
அந்தச் சண்டைச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.
கட்டியவன் பேர் தாங்கி;
தாங்குவது இது.

"எடுத்தால் கூரை உங்கள் மடியில்," என்றேன்.
"இரும்பு உத்தரம் போடலாம். பதினெட்டாயிரம் யூரோ."
அவள் கணவன் பிளேஸ் மறுபக்கத்தில் இருந்தான்,
சுவர் இல்லாத பெரிய கூடத்தை
காகிதத்தில் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தான்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
ஓட்டில் மழை.

பின் அந்தப் பக்கத்திலிருந்து
"காபி குடிப்பீர்களா?" என்றான்.
சுற்றிக்கொண்டு வர வேண்டுமானால்
இரண்டு கதவு, ஒரு முற்றம், அத்தனை சேறு.
துளை வழியே நீட்டினான்.
கைப்பிடி கல்லில் இடித்தது.
கோப்பையைச் சற்றே திருப்ப வேண்டியிருந்தது.